எந்த மருந்து பலிக்கும்?

(தோட்டப்புற மக்களுக்கான சுகாதார விளக்கக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



நோய் கண்டால் மருந்து உண்கிறோம். மருந்து உண்டால் நோய் தீரும் என்று நம்புகிறோம். ஆயினும், "சென்ற முறை இதே மாத்திரையில் குணமாயிற்று, இம்முறை ஏன் கேட்கவில்லை?" என்னும் கேள்வி பல வீடுகளில் எழுவதுண்டு. சிலர் மருந்தைக் குறை கூறுவர். சிலர் மருத்துவரைக் குறை கூறுவர். பல வேளைகளில் உண்மையான காரணம் இவ்விரண்டும் அன்று. நோயைத் தந்த கிருமி அம்மருந்துக்கு அடங்காததாக மாறியிருப்பதே காரணம்.

அவ்வாறு மாறிய கிருமிக்கு எந்த மருந்து பலிக்கும் என்பதை நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. கிருமியைப் பிடித்து வளர்த்து, மருந்துகளை அதன்மீது ஏவிச் சோதித்துத்தான் அறிய வேண்டும். அச்சோதனை எவ்வாறு நடைபெறுகிறது, அது பொய்த்துப் போகாமல் இருக்க நாம் செய்ய வேண்டியவை யாவை என்பவற்றை இன்று காண்போம்.

களையும் கிருமியும்

ஆண்டிபயாட்டிக் என்பது பாக்டீரியா என்னும் நுண்கிருமிகளைக் கொல்லும் அல்லது அவை பெருகாமல் தடுக்கும் மருந்தாகும். அம்மருந்துக்குக் கிருமி அடங்காமற்போவது எப்படி என்பதைத் தோட்டத்தில் வாழும் நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தோட்டப்புறத்தில் அறியாதார் இலர். கேழ்வரகின் இனத்தைச் சேர்ந்த ஒரு புல் அம்மருந்துக்கும் மடியாமல் நிற்பது 1997ஆம் ஆண்டில் நம் மலேசியாவில் கண்டறியப்பட்டது. அப்புல் மருந்தைக் குடித்துப் பழகிக்கொண்டது என்று எண்ணலாகாது. எண்ணற்ற செடிகளில் எங்கோ ஒன்றிரண்டு பிறவியிலேயே மருந்தைத் தாங்கும் தன்மை பெற்றிருந்தன. அதே மருந்தை மீண்டும் மீண்டும் தெளித்தபோது மற்றவை மடிந்தன. தாங்கியவை மட்டும் எஞ்சி, விதை சிந்திப் பெருகின.

கிருமிகளிடத்திலும் நிகழ்வது இதுவே. ஆனால், களை பெருகப் பல வாரங்கள் ஆகும். ஈ. கோலி என்னும் குடற்கிருமியோ, நற்சூழல் வாய்த்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். மேலும், மருந்தை வெல்லும் ஆற்றலை ஒரு கிருமி தன் பக்கத்தில் உள்ள வேறோர் இனக் கிருமிக்கு வழங்கவும் கூடும். களைகளுக்கு இவ்வளவு எளிதில் அது கைகூடுவதில்லை.

இந்நிலை நேற்று இன்று தோன்றியதன்று. 1928இல் இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். அது பொதுமக்கள் கைக்கு வருவதற்கு முன்னரே, 1940இல், ஆபிரகாம், செயின் என்னும் அறிஞர் இருவர், பெனிசிலினைச் சிதைக்கும் பொருளைச் சில கிருமிகள் சுரப்பதைக் கண்டு உலகுக்கு அறிவித்தனர். 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், போதாத அளவில் மருந்துண்டால் கிருமிகள் அதற்கு அடங்காதவை ஆகிவிடும் என்று பிளெமிங்கே எச்சரித்தார். பெனிசிலினுக்கு அடங்காத சீழ்க்கிருமிகளை ஒடுக்க 1959இல் மெத்திசிலின் என்னும் புதுமருந்து வந்தது. 1961இலேயே அதற்கும் அடங்காத கிருமிகள் இங்கிலாந்தில் காணப்பட்டதாகச் செய்தி வெளிவந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். "என் உடம்புக்கு அந்த மருந்து பழகிவிட்டது" என்று நம்மிற் சிலர் கூறுவதுண்டு. அது சரியன்று. மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெறுவது கிருமியே. நம் உடல் அன்று. ஆதலின், ஆண்டிபயாட்டிக்கையே இதுவரை உண்ணாத ஒருவரையும் அத்தகைய கிருமி பற்றக்கூடும். பச்சிளங் குழந்தையையும் பற்றக்கூடும்.

கிருமியை வளர்க்கும் அகார்

சோதனைக்கு முதற்கண் வேண்டுவது நோயாளியிடமிருந்து எடுக்கும் மாதிரி. நோய்க்குத் தக்கவாறு சிறுநீர், சளி, சீழ், இரத்தம் ஆகியவற்றில் ஒன்றைச் சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவர். அங்கே அதைச் சத்துப்பொருள் கலந்த அகார் தட்டில் தடவி, உடலின் சூட்டை ஒத்த சூட்டில் வைப்பர்.

அகார் என்பது வேறொன்றுமன்று; நாம் திருநாள்களில் காய்ச்சி, வண்ணமூட்டி, துண்டு போட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அகார்-அகார்தான். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அப்பொருளின் பெயர் மலாய்ச் சொல்லே. 1881ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்னும் மேதையின் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை ஜெலட்டின்மேல் வளர்த்து வந்தனர். சூடு ஏறினால் ஜெலட்டின் இளகி நீராகிவிடும். அங்குப் பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸே என்பவரின் துணைவியார் ஃபேனி அம்மையார், தம் சமையலறையில் பயன்படுத்தி வந்த அகாரைப் பயன்படுத்திப் பார்க்குமாறு கூறினார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய அயலார் ஒருவரிடமிருந்து அவர் அதை அறிந்திருந்தார். நம் வட்டாரத்துச் சமையற்பொருள் அன்றுமுதல் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இடம்பெற்றுவிட்டது.

ஒரு நாள் கழிந்தபின் தட்டைத் திறந்தால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பெருகிக் கூட்டங்கூட்டமாகச் சிறு புள்ளிகள் போல் காட்சியளிக்கும். அப்புள்ளிகளிலிருந்து நோய்க்குக் காரணமான கிருமியைத் தனியே பிரித்தெடுத்து, அது இன்ன கிருமி என்று இனங்காண்பர். அதன் பிறகே மருந்துத்திறன் சோதனை தொடங்கும்.

வளையம் கூறும் செய்தி

பிரித்தெடுத்த கிருமியை உப்புநீரில் கலக்கிக் குறிப்பிட்ட அளவு கலங்கலாக்குவர். ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 15 கோடிக் கிருமிகள் இருக்கும் கலங்கல் அது. அதில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் புதிய அகார் தட்டு முழுவதும் சீராகத் தடவுவர். பிறகு, 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு காகித வில்லைகளை அதன்மேல் இடைவெளி விட்டு வைப்பர். ஒவ்வொரு வில்லையிலும் ஒவ்வொரு மருந்து அளவாக ஊட்டப்பட்டிருக்கும். தட்டை 35 பாகை செல்சியசில் 16 முதல் 18 மணி நேரம் வைத்திருப்பர்.

மறுநாள் தட்டைப் பார்த்தால், தட்டு முழுவதும் கிருமி புற்றரைபோல் படர்ந்திருக்கும். சில வில்லைகளைச் சுற்றி மட்டும் வட்டமாகத் தெளிந்த இடம் காணப்படும். வில்லையிலிருந்து ஊறிய மருந்து கிருமியை வளரவிடாமல் தடுத்த இடம் அது. சில வில்லைகளைச் சுற்றி வளையமே இராது. வில்லையின் விளிம்பு வரை கிருமி வளர்ந்து நிற்கும். அம்மருந்து அக்கிருமியிடம் செல்லாக்காசு.

இம்முறையை அமெரிக்காவின் சியாட்டில் நகர அறிஞர்களான பாவர், கெர்பி முதலியோர் 1966இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்டனர். கெர்பி-பாவர் முறை என்றே அது வழங்குகிறது. அகாரின் கனம் 4 மில்லிமீட்டர், கலங்கலின் அளவு, சூடு, நேரம் யாவும் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. அகார் கனத்தால் வளையம் சுருங்கும், மெலிந்தால் விரியும். கிருமி மிகுந்தால் பலிக்கும் மருந்தும் பலிக்காததுபோல் தோன்றும். ஆகையால், தன்மை முன்னரே அறியப்பட்ட ஒரு கிருமியையும் அதே முறையில் சோதித்து, வளையம் உரிய அளவில் வருகிறதா என்று ஆய்வுக்கூடத்தார் சரிபார்த்துக்கொள்வர்.

"பெரிய வளையம் உள்ள மருந்தே சிறந்த மருந்து" என்று நமக்குத் தோன்றலாம். அவ்வாறு கொள்வது பிழையாகும். பல நாடுகளில் பின்பற்றப்படும் அமெரிக்கத் தர அளவை எடுத்துக்கொள்வோம். ஈ. கோலி கிருமியின்மேல் ஆம்பிசிலின் வில்லையைச் சுற்றி 17 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளையம் இருந்தால் மருந்து பலிக்கும், 13 அல்லது அதற்குக் கீழ் என்றால் பலிக்காது, இடைப்பட்டது ஐயத்துக்குரியது. சீழ்க்கிருமியின்மேல் பெனிசிலின் வில்லை வைத்தாலோ, வளையம் 29 மில்லிமீட்டராவது இருந்தால்தான் பலிக்கும் என்று கொள்வர். ஆகவே, முன்னதில் 20 மில்லிமீட்டர் வளையம் நற்செய்தி. பின்னதில் அதே 20 மில்லிமீட்டர் தோல்விச் செய்தி. மருந்துக்கு மருந்து அகாரில் ஊறும் வேகம் வேறு. உடலில் பரவும் அளவும் வேறு. அவற்றையெல்லாம் கணக்கிட்டு வகுத்த அட்டவணையோடு ஒப்பிட்ட பின்னரே முடிவு எழுதப்படுகிறது.

வில்லைச் சோதனை பொருந்தாத மருந்துகளும் உண்டு. கொலிஸ்டின் என்னும் மருந்தின் மூலக்கூறு பெரிது. அகாரில் சரியாக ஊறாது. அதற்கு வேறு முறை உண்டு. சிறு குழிகள் பலவற்றில் மருந்தை ஒன்றுக்கு இரட்டிப்பாகக் கூடிச் செல்லும் அளவுகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் அதே அளவு கிருமியைச் சேர்ப்பர். மருந்து போதாத குழிகள் கலங்கிவிடும்; போதிய குழிகள் தெளிவாக நிற்கும். தெளிந்த குழிகளுள் மிகக் குறைந்த மருந்து எதில் உள்ளதோ, அதுவே அக்கிருமியைத் தடுக்கும் குறைந்தபட்ச அளவாகும்.

காத்திருக்க வேண்டுவது ஏன்?

கிருமியை வளர்க்க ஒரு நாள், இனங்கண்டு மருந்தோடு வைக்க ஒரு நாள், முடிவைப் படிக்க ஒரு நாள் என்று இச்சோதனைக்கு இரண்டு மூன்று நாள்கள் ஆகின்றன. காசநோய்க் கிருமி மிக மெதுவாக வளர்வதால் அதற்குப் பல வாரங்கள் ஆகும். ஆயினும், சளியிலுள்ள காசக்கிருமி ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்பதை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கூறும் கருவியை 2010இல் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அறிவியல் இவ்வாறு காலத்தைச் சுருக்கி வருகிறது.

கடும் நோயாளி மூன்று நாள் காத்திருக்க இயலாது. ஆகவே, மருத்துவர் மாதிரியை எடுத்துக்கொண்டு, பலிக்கக்கூடிய மருந்து ஒன்றை உடனே தொடங்குவார். சோதனை முடிவு வந்தபின் அதே மருந்தைத் தொடர்வதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று முடிவு செய்வார். முதல் மருந்தைத் தேர்ந்தெடுக்க அவருக்கு வழிகாட்டுவனவும் முந்தைய சோதனைகளே. 1900ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்ற நம் நாட்டின் மருத்துவ ஆய்வுக் கழகம், மருத்துவமனைகள் பலவற்றின் சோதனை முடிவுகளைத் திரட்டி, எந்தக் கிருமி எந்த மருந்துக்கு எவ்வளவு அடங்குகிறது என்று தொகுத்து வெளியிட்டு வருகிறது. ஒரு தோட்டத்தில் ஒருவர் கொடுக்கும் சிறுநீர் மாதிரியின் முடிவு, இவ்வகையில் மற்றொருவரின் சிகிச்சைக்கும் துணையாகிறது.

மண்ணிலிருந்து வரும் ஒரு நோய்

சோதனையின் இன்றியமையாமையை விளக்க, மண்ணோடு உழைக்கும் நமக்கு நெருக்கமான ஒரு நோயைச் சொல்லலாம். அதன் பெயர் மெலியோய்டோசிஸ். அக்கிருமி நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. காலிலுள்ள வெடிப்பு, கையிலுள்ள கீறல் ஆகியவற்றின் வழியாகவும், மூச்சின் வழியாகவும், தூய்மையற்ற நீரின் வழியாகவும் உடலுக்குள் புகும். மழைக்காலத்தில் இந்நோய் மிகுதி. காய்ச்சல், நுரையீரல் அழற்சி, ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி எனப் பல வடிவங்களில் தோன்றும்; காசநோய் போலவும் ஏமாற்றும். இனிப்புநீர் உள்ளோரையே இது மிகுதியாகத் தாக்குகிறது.

இரங்கூனில் விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும் இந்நோயை முதன்முதலில் கண்டு 1912இல் எழுதினர். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டாண்டன், ஃபிளெச்சர் இருவரும் 1921இல் இதற்கு இப்பெயரிட்டனர். ஆகவே, இந்நோயின் வரலாற்றில் நம் நாட்டு ஆய்வுக்கூடத்துக்கு நிலையான இடமுண்டு.

இக்கிருமி பெனிசிலினுக்கும் ஆம்பிசிலினுக்கும் இயல்பிலேயே அடங்காது. வேறு பல நோய்களில் கைகொடுக்கும் ஜென்டமைசினுக்கும் பொதுவாக அடங்காது. சரவாக்கில் காணப்படும் ஒரு வகை மட்டும் அதற்கு அடங்குவதாகப் பின்னர்த் தெரியவந்தது. ஒரே நாட்டில் ஒரே இனக் கிருமி இடத்துக்கு இடம் வேறுபட்டால், சோதிக்காமல் மருந்து கொடுப்பது எவ்வாறு இயலும்? தாய்லாந்தின் உபோன் ரச்சதானியில் நடைபெற்று 1989இல் வெளியான ஆய்வொன்றில், கடுமையான இந்நோய் கண்டோருக்குப் பழைய மருந்துகளைக் கொடுத்தபோது 100க்கு 74 பேர் இறந்தனர். செஃப்டாசிடிம் என்னும் மருந்தைக் கொடுத்தபோது இறப்பு 37ஆகக் குறைந்தது. தக்க மருந்தைக் கொடுப்பதால் இறப்பு பாதியாகக் குறையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஊசி மருந்து இரண்டு வாரம் அல்லது அதற்கு மேல், பிறகு மாத்திரை ஏறத்தாழ மூன்று மாதம் என்று இதன் சிகிச்சை நீண்டது. ஆகவே, விடாத காய்ச்சலோடு மருத்துவமனைக்குச் செல்லும்போது, "மண்ணிலும் சேற்றிலும் வேலை செய்கிறேன், எனக்கு இனிப்புநீரும் உண்டு" என்று மறவாமல் கூறுங்கள். அவ்வொரு செய்தி, எந்தக் கிருமியைத் தேட வேண்டும் என்பதை ஆய்வுக்கூடத்துக்கு உணர்த்தும். வேலையில் முழுக்காலணியும் கையுறையும் அணிவதும், புண்ணை மூடிக்கட்டுவதும், கொதித்தாறிய நீரை அருந்துவதும் நோய் வராமலே காக்கும்.

சோதனைக்கும் எல்லையுண்டு

தட்டில் பலித்த மருந்து உடலில் பலிக்காமற்போவதும் உண்டு. பெரிய சீழ்க்கட்டிக்குள் மருந்து எளிதில் புகாது. கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றினால்தான் மருந்து வேலை செய்யும். சாதாரணச் சளி, இன்புளுவென்சா, டெங்கி ஆகியவை வைரசால் வருபவை. அவற்றுக்கு எந்த ஆண்டிபயாட்டிக்கும் பயன்படாது.

தட்டில் பலிக்காத மருந்தோ உடலில் பலிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. தேவையற்ற மருந்தை விலக்கவே சோதனை பெரிதும் பயன்படுகிறது.

நம் பங்கு

ஆய்வுக்கூடம் எத்துணைச் சிறந்ததாயினும், நாம் கொடுக்கும் மாதிரி பழுதுபட்டால் முடிவும் பழுதுபடும். ஆதலின், பின்வருவனவற்றை நாம் கடைப்பிடிப்போமாக.

முதலாவது, வீட்டில் எஞ்சியிருக்கும் ஆண்டிபயாட்டிக் மாத்திரையை உண்டுவிட்டு மருத்துவமனைக்குச் செல்லலாகாது. அரைகுறை மருந்தால் கிருமி மாதிரியில் வளராமற்போகும். நோயோ உள்ளே இருக்கும். ஏற்கெனவே உண்டிருந்தால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறிவிட வேண்டும்.

இரண்டாவது, மாதிரியைச் சொன்னபடி கொடுக்க வேண்டும். சிறுநீர் என்றால், தூய்மை செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். சளி என்றால், எச்சிலைத் துப்பாமல் நெஞ்சிலிருந்து ஆழ இருமி எடுக்க வேண்டும். கொடுத்த புட்டியைத் திறந்து வைப்பதும், வெயிலில் வைப்பதும், வழியில் தாமதிப்பதும் கூடா.

மூன்றாவது, முடிவைக் கேட்கத் திரும்பச் செல்ல வேண்டும். காய்ச்சல் தணிந்துவிட்டது என்று நம்மிற் பலர் அந்நாளில் வேலைக்குப் போய்விடுகிறோம். முடிவைப் பாராத சோதனை செய்யாத சோதனைக்கு ஒப்பாகும்.

நான்காவது, மருத்துவர் சொன்ன வேளையில், சொன்ன அளவில், சொன்ன நாள் வரை மருந்துண்ண வேண்டும். நாளைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் பொறுப்பே. நம் விருப்பம் அன்று.

ஐந்தாவது, ஒருவருக்குக் கொடுத்த மருந்தை மற்றொருவருக்குப் பகிர்ந்தளிக்கலாகாது. சோறும் குழம்பும் அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது அன்பு. ஆண்டிபயாட்டிக்கைக் கொடுப்பது தீங்கு. நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் இவை மருத்துவரின் சீட்டின்றி விற்கப்படலாகா என்பதும் இக்காரணம் பற்றியே.

ஆறாவது, ஆடு மாடு கோழி வளர்ப்போர் கால்நடை மருத்துவரைக் கேளாமல் தீவனத்தில் மருந்து கலக்கலாகாது. கொலிஸ்டின், மற்றவை பலிக்காதபோது மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்துகளுள் ஒன்று. அதை எதிர்க்கும் ஆற்றல் கிருமியிலிருந்து கிருமிக்குத் தாவக்கூடியது என்பது 2015இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வால் தெரிந்தது. அதனால் நம் அரசாங்கம் 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தடை செய்தது.

அன்பர்களே, மருந்தை எதிர்க்கும் கிருமிகளாலேயே நேரடியாக 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்தனர் என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர். புதிய மருந்துகள் அரிதாகவே வருகின்றன. கையிலிருக்கும் மருந்துகளைக் காத்துக்கொள்வதே நமக்கு உள்ள வழி. ஒரு குடும்பம் தோட்டத்துப் பொதுக்குழாயைத் திறந்துவிட்டுப் போனால் எல்லா வீட்டுக்கும் தண்ணீர் இல்லாமற்போகிறது அன்றோ? ஆண்டிபயாட்டிக்கும் அத்தகைய பொதுச்சொத்தே. ஒருவர் வீணாக்கினால் ஊருக்கே பலிக்காமற்போகும்.

இனி மருத்துவர் உங்களிடம், "முதலில் ஒரு மாதிரி கொடுங்கள், முடிவு வரட்டும்" என்று கூறினால், அதைக் காலங்கடத்தல் என்று எண்ணாதீர்கள். உங்கள் கிருமிக்கு எது பலிக்கும் என்று கண்டறியவே அவர் அவ்வாறு கேட்கிறார். மாதிரியைக் கொடுங்கள், முடிவு வரும் நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அந்நாளில் தவறாமல் செல்லுங்கள்.